ஒன்றரை அடி

சார், பஸ் நகர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்களைச் சிரிக்க வைக்கிறேன். சத்தியமா. எங்க ஊரே உருண்டு புரண்டு சிரிச்ச கதை ஒண்ணு கையில இருக்கு. ஆனா உடனே சொல்ல மாட்டேன். இலை போடாம சோறு போட முடியுமா?

அதோ, ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பா ஓடுது பாருங்க, அதுதான் முள்ளூத்து ஓடை. அதுக்கு அடியில ஒரு தரைப்பாலம் இருக்கு. தண்ணி பாலத்துக்கு மேல ஏறினா பஸ் நிற்கும், இறங்கினா போகும். மழைக்காலம் முழுக்க இதுதான் எங்க பிழைப்பு. டிரைவர் அண்ணன் பீடி பற்ற வச்சிட்டார். நாங்க தண்ணி வடியற நேரத்தை அவர் பீடியை வச்சுத்தான் சொல்வோம். இவ்வளவு தண்ணின்னா ஒரு கட்டுக்குக் குறையாது.

நீங்க பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வர்றவங்க தானே? கணக்கு வாத்தியாரா! நினைச்சேன் சார். டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் வேற படிச்சீங்களே, வாத்தியாரைத் தவிர யார் படிப்பா?

என் பேர் மாசானம். வயசு பதினேழு. ஊர்ல 'ரேடியோ'ன்னுதான் கூப்பிடுவாங்க. யார் குரலும் வரும் எனக்கு. சந்தை ஸ்டாப்புல நடந்ததைப் பார்த்தீங்க இல்லையா? கண்டக்டர் அண்ணாச்சி கீழே நின்னு டீ குடிக்கிறார், நான் கடைசி சீட்டுல இருந்து அவர் குரல்லயே, "ரைட்டு ரைட்டு, போலாம்ணே!" டிரைவர் எடுத்துட்டார். அண்ணாச்சி கையில டம்ளரோட ஒரு பர்லாங் ஓடி வந்தார். நீங்ககூடச் சிரிச்சீங்க. இல்லையா? உதடு அசைஞ்சுது சார், நான் பார்த்தேன்.

அதுக்கப்புறம் அவர் என்கிட்ட வந்து சொன்னதையும் கேட்டிருப்பீங்க. "ஏலே, இன்னொரு தடவை வாயைத் தொறந்தே, உன்னைத் தூக்கி ஓடையில போட்டுட்டுத்தான் பஸ்ஸை எடுப்பேன்." அதான் மெதுவாப் பேசறேன். மெதுவாப் பேச இன்னொரு காரணமும் இருக்கு. முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல வெள்ளைச் சேலை தெரியுதா? அது ரூத் அத்தை. அவங்க காதுல இது விழக் கூடாது. ஏன்னு கதை வரும்போது தெரியும்.

ரூத் அத்தையோட வீட்டுக்காரர் வேதமுத்து மாமா. எனக்கு ரத்த சொந்தம் இல்லை, பக்கத்து வீடு. அவருக்கு வேலையே இந்த ஓடையை அளக்கறதுதான். சிரிக்காதீங்க, அப்படி ஒரு வேலை இருக்கு. பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, மருத மரத்தடியில, வெள்ளையும் கறுப்புமாக் கோடு போட்ட ஒரு கல்தூண் இருந்தது. தினம் காலையில அதுல தண்ணி எந்தக் கோட்டுல நிற்குதுன்னு பார்க்கணும். சரியா எட்டு மணிக்கு டவுன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லணும். அவர் சொல்ற அளவை வச்சுத்தான் ஓடைக்கரைக்காரங்களை மேட்டுக்குப் போகச் சொல்றதா வேண்டாமான்னு அங்கே முடிவு எடுப்பாங்க. பத்தொன்பது வருஷம் ஒரு நாள் தவறாம அளந்தவர்.

அந்தக் காலத்துல அவர் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? பித்தளைக் குடத்துல கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி. இருங்க, சின்னதாப் பண்ணிக் காட்டறேன். "அம்மா, ஸ்தோத்திரம்மா. முள்ளூத்து வேதமுத்து பேசறேன். ஒரு அடி ரெண்டு அங்குலம். தண்ணி தெளிவு. நண்டு வளையில."

நண்டு எதுக்குன்னு கேக்கறீங்களா? ஆபீஸ் மேடமும் அதைத்தான் கேட்கும். "நண்டெல்லாம் வேண்டாங்க வேதமுத்து, அளவு மட்டும் சொல்லுங்க போதும்." மாமா விட மாட்டார். நண்டு வளையில இருக்கா, கரையேறுதா, தவளை கத்துதா, தண்ணி செம்மண்ணாக் கலங்கியிருக்கா, இலைதழை நாறுதா, எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனை வைப்பார். மேடம் கடைசியில, "சரி, குறிச்சுக்கிட்டேன்" அப்படின்னு சலிச்சுக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால அவருக்குத் தொண்டையில கட்டி. அறுத்து எடுத்தாங்க. உயிர் பிழைச்சார், குரல் போச்சு. கழுத்துல ஒரு ஓட்டை, அதுக்கு மேல துண்டு. பேச்சு இல்லாதவருக்குப் போன்ல சொல்ற வேலையை எப்படிக் கொடுப்பாங்க? ஒரு நாள் காலையில என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். கையில போன். என் வாயைக் காட்டினார், அவர் கழுத்தைக் காட்டினார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கே எட்டு மணிக்கு, "அம்மா, ஸ்தோத்திரம்மா!" மேடம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "என்ன வேதமுத்து, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? குரல் முன்னைவிடத் தெளிவா இருக்கே!"

இது சிரிப்பு இல்லை சார், இது சும்மா வெத்தலைபாக்கு. சிரிப்பு இன்னும் வரலை.

அளவை மாமா எப்படிச் சொல்வார்னா, கையாலதான். உள்ளங்கையைத் தட்டையா வச்சு அவர் கால்லயே காட்டுவார். கணுக்கால்னா அரை அடி. கெண்டைக்கால் ஒரு அடி. முழங்கால் ஒன்றரை. இடுப்பு மூணு. நெஞ்சு நாலு. அப்புறம் விரல்ல அங்குலம். அந்தக் கை பாஷை ஊர்ல மூணே பேருக்குத்தான் தெரியும். மாமா, ரூத் அத்தை, நான். எனக்கு அத்தைக்குத் தெரிஞ்சதைவிட நல்லாத் தெரியும்.

என்ன சத்தம்? ஓ, படிக்கட்டுல நண்டு ஏறியிருக்காம். பாருங்க, அண்ணாச்சி செருப்பால தள்ளிவிடறதை. "டிக்கெட் எடுக்காம ஏறுது பாரு கழுதை!" இந்த மனுஷருக்குக்கூடச் சில நேரம் நல்ல ஜோக் வருது சார்.

எங்கே விட்டேன்? ஆங், போன வருஷம், ஐப்பசி. மூணு நாளாக் கீழே தூறல்தான், மலையில மட்டும் கொட்டு கொட்டுன்னு கொட்டுது. மேலே ஒரு பெரிய விடுதிக்கு ரோடு போடறோம்னு சரிவுல இருந்த மரத்தை எல்லாம் வெட்டினாங்க பாருங்க, அதுல இருந்து ஓடை இந்த நிறம்தான். முதல் நாள் சாயங்காலம் மாமா கையை முழங்கால்ல வச்சுக் காட்டினார். ஒன்றரை அடி.

மறுநாள் காலையில மாமாவைக் காணோம். ஏழே முக்கால் ஆச்சு, எட்டு ஆச்சு, ஆளே இல்லை. போன் என்கிட்டதான் இருக்கும். எட்டு அஞ்சுக்கு மேடமே கூப்பிட்டுருச்சு. "என்ன வேதமுத்து, இன்னும் அளவு வரலையே?" கல்தூணுக்கு எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். இருநூறு எட்டு நடந்தாப் போதும். வாசல்ல சேறு சார், நான் கட்டில்ல போர்வைக்குள்ள இருக்கேன். அப்படியே படுத்துக்கிட்டே, "அம்மா, ஸ்தோத்திரம்மா. ஒன்றரை அடி. தண்ணி செங்கலங்கல். நண்டு வளையில."

நண்டைக்கூட விடலை பாருங்க! அதான் தொழில் சுத்தம்.

"ஒன்றரை, சரி. மலையில மழை ஜாஸ்தி. திடீர்னு கூடினாலும் சொல்லுங்க, குறைஞ்சாலும் சொல்லுங்க, உடனே." நான் போனை வச்சுட்டு எங்க சித்திகிட்ட அதே குரல்ல சொல்லிக் காட்டினேன். கூடினாலும் சரி, குறைஞ்சா இந்த அம்மாவுக்கு என்ன நஷ்டமாம்? சித்தி அடுப்படியில இருந்துக்கிட்டே சிரிச்சா.

எங்க சித்தியைப் பற்றிச் சொல்லணும். பிச்சம்மா சித்தி. அம்மா போனதுல இருந்து என்னை வளர்த்தவ. அவ சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. முதல்ல சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் விக்கல் மாதிரி ஒண்ணு. அப்புறம் கூரை இடிஞ்ச மாதிரி தடதடன்னு. ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, எழுந்திருக்க முடியாது, உட்கார்ந்த இடத்துலயே கிடப்பா. நான் குரல் பண்ணப் படிச்சதே அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான்.

அவ சிரிப்பை மட்டும் எனக்குப் பண்ண வரலை. விடுங்க.

ஒன்பது மணி இருக்கும். ஓடைப் பக்கம் ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தா, சார், ஓடையில தண்ணி இல்லை! அவ்வளவு மழையில! கோடையிலகூடக் கணுக்கால் அளவு ஓடற ஓடை அது. கல்லும் சேறுமாக் கிடக்கு. அங்கங்கே குட்டைக்குட்டையாத் தண்ணி. அதுல மீன் துள்ளுது. கெண்டை, ஆரல், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். நண்டெல்லாம் வளையை விட்டுக் கிளம்பிக் கரையேறி, அம்மன் கோயில் படிக்கட்டு வரைக்கும் வந்துருச்சு. நான் போன்ல வளையில இருக்குன்னு சொல்லியிருக்கேன்! ஒரு சாண் தண்ணி இல்லாத இடத்துக்கு ஒன்றரை அடின்னு சொல்லியிருக்கேன்! நினைச்சு நினைச்சு நான் தனியாச் சிரிச்சேன்.

இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை. வருது வருது, பக்கத்துல வந்தாச்சு.

ஊரே இறங்கிருச்சு. கூடை, சட்டி, கொசுவலை, சேலை முந்தி, எது கிடைச்சுதோ அதுல அள்ளறாங்க. சித்தி நடு ஓடையில ஒரு பாறை மேல உட்கார்ந்து மடி நிறைய மீனை வச்சுக்கிட்டு, "ஏலே ரேடியோ, விராலு எனக்குல! எவனாவது தொட்டான், கையை ஒடிச்சுருவேன்!" திருவிழா மாதிரி சார்.

அப்போ மேல இருந்து வேதமுத்து மாமா வர்றார். ஓடைக்குள்ளேயே ஓடி வர்றார். சட்டை இல்லை, நெஞ்சு வரைக்கும் சேறு. விடியறதுக்கு முன்னாடியே மேலே ஏறிப் போயிருப்பார் போல. கழுத்துல துண்டு இல்லை, அந்த ஓட்டை திறந்து கிடக்கு, அதுல காத்து உஸ்ஸு உஸ்ஸுன்னு போய் வருது. வாயைத் திறக்கறார், மூடறார். சத்தம் வந்தால்தானே? கையை ஆட்டறார், ஆளாளுக்கு முன்னால போய் நிற்கறார், ஆட்டறார். யாருக்கும் ஒண்ணும் புரியலை. "காலையிலேயே ஊத்திட்டாரா?"ங்கறான் ஒருத்தன்.

இப்பத்தான் சார் அது. நான் பாறை மேல ஏறி நின்னு, அவர் வாயசைக்க வாயசைக்க, அவர் பழைய குரலைக் கொடுத்தேன்! சினிமாவுக்குக் குரல் கொடுக்கறாங்களே, அந்த மாதிரி! மூணு வருஷமா ஊர் கேட்காத குரல். ஒரு நிமிஷம் எல்லாரும் அப்படியே திகைச்சுப் போய்ட்டாங்க. அப்புறம் பார்க்கணுமே!

அவர் குனிஞ்சு கையைத் தரையில வைக்கறார். நான், "உக்காருங்க பிள்ளைகளா, எல்லாரும் வசதியா உக்காருங்க!" அவர் மலையைக் காட்டறார். நான், "அங்க எனக்கு ஒரு பங்களா இருக்கு!" அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி எம்பறார். நான், "இம்மாம் பெரிய மீனு! கையில சிக்கிச்சு, வழுக்கிட்டுப் போயிருச்சே!"

சார், அந்தச் சிரிப்பு! கூடையோட கரையேறிப் போய்க்கிட்டிருந்தவங்ககூட, என்னடா கூத்துன்னு திரும்பி இறங்கி வந்தாங்க. சித்தி தோள் குலுங்க ஆரம்பிச்சுது. அவளுக்கு ஆரம்பிச்சுட்டா நான் இன்னும் ரெண்டு பங்கு போடுவேன். மாமா திரும்பத் திரும்ப அதே மூணு சைகை. நான் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு. அவர் சித்தி கையைப் பிடிச்சு இழுக்கறார், நான், "ஆட வாறியா பிச்சம்மா?" அவ்வளவுதான், தடதடன்னு கூரை இடிஞ்சுது. அவளால எழுந்திருக்கவே முடியலை.

நீங்க சிரிக்கலையே சார்.

இருங்க, இன்னும் இருக்கு. மாமாவுக்குக் கோபம் வந்துருச்சு. பாறை மேல ஏறி எனக்குப் பளார்னு ஒண்ணு விட்டார். அதோட விடலை. என் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி, தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய், மேட்டுக்கரையில தூக்கி வீசினார். முட்டி ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. பார்த்தீங்களா, ஒரு விளையாட்டைத் தாங்க முடியலை மனுஷருக்கு. வீசிட்டுத் திரும்ப உள்ளே இறங்கினார், சித்தி இருந்த பக்கம். நான் கரையில கிடந்துக்கிட்டே அவர் முதுகுக்கும் குரல் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டுது.

வெள்ளம்தான் சார். தண்ணியாவா வந்துது? மரமும் பாறையும் மண்ணுமாச் சுவர் மாதிரி வந்துது. ஏழு பேர். சித்தி. மாமா. இன்னும் அஞ்சு பேர். கல்தூணும் போச்சு, மருத மரமும் போச்சு. சித்தியை ரெண்டு நாள் கழிச்சு எட்டு மைலுக்குக் கீழே எடுத்தாங்க. மடியில முந்தி முடிச்சு அவிழாம இருந்தது.

மேகம் வெடிச்சுருச்சுன்னு பேப்பர்ல போட்டாங்க. வந்து பார்த்த அதிகாரிகளும் அதைத்தான் சொன்னாங்க. வானத்துல வெடிச்சா யார் என்ன பண்ண முடியும்? ஆனா ஊர் சும்மா இருக்குமா? ஆபீஸ் நோட்டுல எழுதியிருக்கு: காலை எட்டு, ஒன்றரை அடி, வேதமுத்து. "அவன் ஒழுங்கா அளந்து சொல்லியிருந்தா மேடம் நம்மளை மேட்டுக்கு அனுப்பியிருக்கும்ல. பொய்யளவு சொல்லி ஆறு பேரைக் கொன்னுட்டுப் போயிட்டான் பாவி"ன்னு பேச்சு. நான்தான் போன்ல பேசினேன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் வெறும் வாய் தானே? அளவு அவரோடது. அப்படித்தான் எல்லாரும் நினைச்சாங்க. நான் இல்லைன்னு சொல்லப் போகலை. செத்தவருக்கு என்ன கெட்டுப் போகப் போகுது?

ரூத் அத்தையோட இப்போ யாரும் பேசறது இல்லை. குழாயடிக்கு அவங்க வந்தா மற்றவங்க குடத்தை எடுத்துக்கிட்டு நகர்ந்துருவாங்க. வேதக் கோயில்லயும் தனி பெஞ்சு. தினம் காலையில எட்டு மணிக்கு என் வாசலுக்கு வருவாங்க. ஒரே கேள்வி. "ராசா, அன்னைக்கு அவரு உங்கிட்ட எவ்வளவுன்னு காட்டினாரு?" நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டுவேன். சரின்னு தலையை ஆட்டிட்டுப் போவாங்க. மறுநாள் திரும்ப வருவாங்க. ஒரு வருஷமா. எனக்கே சலிச்சுப் போச்சு.

இப்படி உர்ருன்னு பார்க்காதீங்க சார். உங்களுக்குச் சிரிப்பு வராததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். சைகையை நீங்க பார்க்கலை. அதைப் பார்த்தாத்தான் நான் கொடுத்த குரலோட அருமை தெரியும். முதல்ல சத்தம் இல்லாம பண்ணிக் காட்டறேன், அப்புறம் குரல் சேர்க்கறேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கை படும்.

இதோ. குனிஞ்சு, உள்ளங்கை தட்டையா, தரையில.

அப்புறம் மலை.

அப்புறம் தலைக்கு மேல, ரெண்டு உள்ளங்கையும் தட்டையா... எம்பி...

தட்டையாத்தான் வச்சார்.

இருங்க, இன்னொரு தடவை. தரையில. முழங்கால்ல இல்லை, கணுக்கால்ல இல்லை, தரையில. அப்படி அவர் ஒரு நாளும் காட்டினது இல்லை சார். அப்படி ஒரு அளவே கிடையாது இந்த ஓடைக்கு.

மலை.

தலைக்கு மேல. நெஞ்சு நாலு. கழுத்து அஞ்சுன்னு வச்சா...

அளவு சொல்லியிருக்கார் சார்.

யாருங்க அது கத்தறது? டிரைவரா? "வடிஞ்சுருச்சு வடிஞ்சுருச்சு, ஏறுங்க எல்லாரும்!" ஆமா, வடிஞ்சுருக்கு. பாலம் தெரியுது. முழுசாத் தெரியுது. பாலத்துக்குக் கீழே கல்லு தெரியுது.

அவர் கையில முதல் பீடியே இன்னும் முடியலை.

சார், மலையைப் பாருங்க. அங்கே மழை நின்னிருக்கா? நிற்கலை தானே? கறுகறுன்னு கொட்டுது தானே? பின்னே தண்ணி எங்கே போச்சு? வத்தலை சார். இது வத்தினது இல்லை. மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு. மேல நிக்குது.

அண்ணாச்சி! வண்டியை எடுக்கச் சொல்லாதீங்க! அண்ணே, நிறுத்துங்கண்ணே! தண்ணி மேல நிக்குது, வந்துரும், பின்னால எடுங்க!

கேட்டீங்களா, சிரிக்கறாங்க. "இது யாரு குரலுடா ரேடியோ? புதுசா இருக்கே!"ங்கறார் அண்ணாச்சி. யார் குரலும் இல்லை சார், என் குரல். இவங்க யாரும் கேட்டதில்லை.

ரூத் அத்தை திரும்பி என்னையே பார்க்கறாங்க. என் கையைப் பார்க்கறாங்க. அவங்களுக்கு இந்தக் கை தெரியும். எழுந்துட்டாங்க. ஆனா அவங்க பேச்சை இந்த பஸ்ஸுல யார் கேட்பா?

முன் சக்கரம் பாலத்துக்கிட்டப் போயிருச்சு. சார், எழுந்திருங்க. எழுந்து சத்தமாச் சொல்லுங்க. நீங்க வாத்தியார், நீங்க சொன்னாக் கேட்பாங்க.

நான் சொன்னா சிரிப்பாங்க சார்.